பேருந்தில் ஊர்ந்த பெயர்: குமரித் தந்தை மார்ஷல் நேசமணி

நாகர்கோவில் இராணித்தோட்டத்துப் பணிமனையிலிருந்து ஆரல்வாய்மொழிக்கும் களியக்காவிளைக்கும் குளச்சலுக்கும் புறப்பட்டுச் செல்லும் அரசுப் பேருந்துகளின் பக்கவாட்டில் ஒரு காலத்தில் நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. உங்கள் அன்னையரும் பாட்டியரும் அந்தப் பேருந்தில் ஏறித்தான் பள்ளிக்கும் சந்தைக்கும் சென்றனர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய சிறுவர் சிறுமியர் பலருக்கு அந்த எழுத்துக்களே முதற் பாடப் புத்தகம். 1997ஆம் ஆண்டு அந்தப் பெயர் அழிக்கப்பட்டது. யாரோ ஒருவர் பகைமை கொண்டு அழித்ததன்று. அரசே ஆணை பிறப்பித்து அழித்தது. தமிழ்நாட்டின் எல்லாப் பேருந்துகளிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் அந்த ஆண்டில் ஒருசேர நீங்கின.

இன்றைய பிள்ளைகளிடம் நேசமணி என்று சொன்னால், தலையில் சுத்தியல் விழுந்த ஒரு திரைப்பட நகைச்சுவைப் பாத்திரத்தைத்தான் நினைத்துக்கொள்கின்றனர். 2019 மே மாத இறுதியில் அந்தப் பாத்திரத்துக்காக உலகமே விளையாட்டாகப் பிரார்த்தனை செய்தது. அதே வாரத்தில் ஜூன் 1ஆம் நாள் மார்ஷல் நேசமணியின் நினைவு நாளும் வந்து போயிற்று. சிரிப்பதில் தவறில்லை, சிரித்து முடித்தபின், மெய்யான நேசமணி யார் என்று தெரிந்துகொள்வோம்.

விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியில் 1895ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அவர் பிறந்தார். அப்போது நம் மாவட்டம் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அக்காலத்தை நீங்கள் நினைத்துப் பார்ப்பது சற்றுக் கடினம். நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்கு உரிமை கேட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அடிபட்டும் அவமானப்பட்டும் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. 1859ஆம் ஆண்டில்தான் அரசாணை வந்தது. நேசமணி பிறந்தபோது அந்த ஆணைக்கு வயது 36. அவர் வீட்டு முதியவர்கள் அந்த நாட்களைக் கண்ணால் கண்டவர்களாகவே இருந்திருப்பர்.

தெருக்களின் கதையும் அப்படியே. ஒரு தெருவுக்கு யார் பெயரைச் சூட்டுவது என்று நாம் இன்று வாதிடுகிறோம். அன்றைய கேள்வி அந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பதாக இருந்தது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளில் எல்லா மக்களும் நடக்க வேண்டும் என்று 1924இல் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. அது முடிந்த மறு ஆண்டு, 1926இல், நம் சுசீந்திரத்திலேயே தாணுமாலயன் கோயில் வீதிகளுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு அதனை முன்னின்று நடத்தினார். 1930இல் மீண்டும் நடந்தது. நிலை மாறி, 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேச அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று சுசீந்திரம் தேரோட்டத்தில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தைப் பார்ப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

இத்தகைய நாட்டில்தான் நேசமணி சட்டம் பயின்று, 1921ஆம் ஆண்டு நாகர்கோவில் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். முதல்நாள் அவர் வழக்கறிஞர் கூடத்தில் நுழைந்ததைப் பற்றி இம்மாவட்டத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. உயர் சாதியார் எனப்பட்ட வழக்கறிஞர்கள் அமர நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. மற்றையோருக்கு முக்காலிகள். குடிநீர்ப் பானையும் வெவ்வேறு. படித்த படிப்பு ஒன்று, வாங்கிய பட்டம் ஒன்று, நீதிபதியின் முன் நின்று பேசும் சட்டம் ஒன்று. ஆனால் களைத்து வந்து உட்காரும் இடம் மட்டும் இரண்டு! இளைஞர் நேசமணி முக்காலிகளைக் காலால் எற்றித் தள்ளிவிட்டு, தமக்கும் தம்மைப் போன்றவர்களுக்கும் நாற்காலிகளை வரவழைத்துப் போட்டு அமர்ந்தார். தனித்தனியாக இருந்த மண்பானைகளும் உடைந்தன. கவனியுங்கள், மாணவியரே: அவர் யாருடைய நாற்காலியையும் பறிக்கவில்லை. எல்லோருக்கும் நாற்காலி வேண்டும் என்றார். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும். அவரை அன்று வெறுப்புடன் பார்த்த அதே வழக்கறிஞர் சங்கம், பிற்காலத்தில் அவரைத் தன் தலைவராகப் பலமுறை தேர்ந்தெடுத்தது.

வழக்கறிஞராக அவர் பேரும் பொருளும் ஈட்டினார். அந்த அளவில் நின்றிருந்தால் நாகர்கோவிலின் நல்ல வக்கீல்களில் ஒருவராக மறைந்திருப்பார். நாடு விடுதலை அடைந்த வேளை அவரை வேறு பாதைக்கு இழுத்தது. மலையாளம் பேசும் பகுதிகளை எல்லாம் ஒன்றாக்கி ஐக்கிய கேரளம் அமைக்க வேண்டும் என்ற இயக்கம் வலுத்து வந்தது. திருவிதாங்கூரின் தென்பகுதித் தமிழர் நிலை என்னாகும்? ஆட்சிமொழி மலையாளம், அரசு அலுவலகங்களில் தமிழருக்கு இடமோ குறைவு. இந்தக் கவலையில் 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் பிறந்த அமைப்பே பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. சாம் நத்தானியேல், பி.எஸ். மணி முதலியோர் அதன் தொடக்கத் தூண்கள். 1947இல் நேசமணி அதில் சேர்ந்தார். சேர்ந்ததும் அதன் தலைமை அவரைத் தேடி வந்தது. போர்ப்படைத் தளபதியைப் போல் நடத்திச் சென்றதால் மக்கள் அவரை மார்ஷல் என்று அழைத்தனர். பட்டாளத்துக்கு ஒருநாளும் போகாத அந்த வக்கீலுக்குப் பெயரோடு ஒட்டிக்கொண்ட அடைமொழி அதுதான். குலப்பெயரைப் பின்னொட்டாகச் சேர்த்துக்கொள்வது சாதாரணமாக இருந்த அக்காலத்திலும் அவர் ஏ. நேசமணி என்ற அளவிலேயே அறியப்பட்டார் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

1948 சட்டசபைத் தேர்தலில் இந்தக் கட்சி 14 இடங்களை வென்றது. 1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே இராச்சியம் ஆயின. தமிழரின் பங்கு அதில் இன்னும் சுருங்கிற்று. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் நேசமணி நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, செங்கோட்டை, சித்தூர் ஆகிய 9 வட்டங்களும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பது கோரிக்கை. திருவனந்தபுரத்தில் இருந்தவர்களுக்கு இது எளிதில் ஒப்பக்கூடியதாக இல்லை. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். பேச்சிப்பாறை அணையும் பெருஞ்சாணி அணையும் நீர் தரும் வயல்களை யார்தான் மனமுவந்து விட்டுக்கொடுப்பார்? இங்குள்ள தமிழரிலும் சிலர் இதனை ஒரு சமூகத்தாரின் கட்சி என்று கூறி விலகி நின்றனர். கட்சிக்குள்ளும் பூசல்கள் எழுந்தன. எல்லோரும் ஒரே குரலில் ஆர்ப்பரித்து எழுந்தார்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

1954ஆம் ஆண்டு கொதிப்பின் உச்சம். தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் துன்புறுத்தப்படுவதாகச் செய்தி வந்ததும் நேசமணி தோழர்களுடன் மூணாறு சென்று, தடையை மீறிக் கைதானார். தெற்கே கிளர்ச்சி மூண்டது. ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திரண்ட மக்கள்மீது காவலர்கள் துப்பாக்கியால் சுட்டனர். பலர் மாண்டனர். கூலி வேலைக்குப் போகிறவர்களும் இளைஞர்களும் அதில் இருந்தனர். அப்போது முதலமைச்சர் பிரஜா சோஷலிஸ்டு கட்சியின் பட்டம் தாணு பிள்ளை. அக்கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியா, வட இந்தியச் சிறையில் இருந்தபடியே, தம் கட்சியின் அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என்று கேட்டார். நம் ஊர்த் துப்பாக்கிச் சூடு ஓர் அகில இந்தியக் கட்சியையே உலுக்கிவிட்டது. பதவி விலகல் நடக்கவில்லை. எனினும் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அந்த அமைச்சரவை கவிழ்ந்தது.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு என்றது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. நெய்யாற்றின்கரையும் சித்தூரும் இல்லை. செங்கோட்டையிலும் ஒரு பகுதியே முடிவில் வந்து சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்று குறைபட்டவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். குறிக்கோளின் பெரும்பகுதி நிறைவேறியபின் கட்சியைக் கலைத்து இந்திய தேசிய காங்கிரசில் இணைத்துவிட்டார்கள். அதிகாரம் கைக்கு எட்டும் நேரத்தில் கட்சியைக் கலைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? நேசமணி சென்னைச் சட்டமன்றத்திலும் பணியாற்றினார். 1962இலும் 1967இலும் மீண்டும் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். உறுப்பினராக இருக்கும்போதே 1968 ஜூன் 1ஆம் நாள் காலமானார். அந்த இடத்துக்கு 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில்தான் பெருந்தலைவர் காமராசர் வென்று நாகர்கோவிலின் உறுப்பினர் ஆனார்.

இனி, பெயரின் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் பேருந்துகள் அரசுடைமை ஆனபின், ஒவ்வொரு வட்டாரக் கழகத்துக்கும் ஒரு பெயர் சூட்டும் வழக்கம் வந்தது. முதலில் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று பழைய அரச மரபுகள். அவற்றைப் பற்றி யாருக்கும் வழக்கில்லை. பல்லவருக்கு இன்று பேரப்பிள்ளைகள் யார் என்று எவரும் உரிமை கொண்டாட முடியாதல்லவா! பிறகு கட்டபொம்மன், மருதுபாண்டியர், தீரன் சின்னமலை என்று வந்தன. இராணி மங்கம்மாள் என்று ஒரு பெண்ணரசியின் பெயரும் திண்டுக்கல் பக்கத்துப் பேருந்துகளில் ஓடியது. ஈரோட்டுப் பேருந்துகளில் ஜீவா என்று எழுதியிருந்தது. அந்த ஜீவானந்தம் நம் பூதப்பாண்டியில் பிறந்தவர். ஆகவே நாஞ்சில் மண்ணின் மைந்தர் ஒருவர் கொங்கு நாட்டிலும், விளவங்கோட்டு மைந்தர் ஒருவர் நம் மாவட்டத்திலுமாக உருண்டுகொண்டிருந்தனர். மாவட்டங்களும் இவ்வாறே பெயர் பெற்றன. தூத்துக்குடி சிதம்பரனார் மாவட்டம் ஆயிற்று. விருதுநகர் காமராசர் மாவட்டம். சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம்.

பெயர் பெருகப் பெருக ஒரு மாற்றமும் நுழைந்தது. ஒவ்வொரு தலைவரும் ஒவ்வொரு சமூகத்துக்கு உரியவராகப் பங்குபோடப்பட்டார். நாட்டுக்காகச் சிறை சென்றவர், கப்பல் விட்டவர், கல்வி தந்தவர் என்ற நினைவு மெல்ல மறைந்து, இவர் எங்களவர், அவர் உங்களவர் என்ற கணக்கு முன்னே வந்தது. இருந்தும் பேருந்துகள் ஓடின. 1997இல் விருதுநகர் வட்டாரத்துக்கென ஒரு புதிய கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு அறிவித்தது. சுந்தரலிங்கம் கவர்னகிரியைச் சேர்ந்தவர், கட்டபொம்மனின் படைத்தளபதி, 1799 போரில் உயிர் நீத்தவர். அவர் பிறந்த சமூகம் ஒடுக்கப்பட்ட சமூகம். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஒரு சாரார் எதிர்த்தனர். மே மாதத்தில் தென்மாவட்டங்களில் கலவரம் பரவிற்று. பேருந்துகள் நொறுங்கின. உயிர்கள் போயின. ஜூலையில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. ஒரு பெயரை மட்டும் நீக்கவில்லை. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின.

நம் மாவட்டத்துப் பேருந்துகளும் அந்த ஆணையால் பெயர் இழந்தன. குமரி மாவட்டத்தில் நேசமணி என்ற பெயரால் பேருந்து எரிந்ததில்லையே, யாரோ செய்த கலகத்துக்கு இவர் ஏன் தண்டனை பெற வேண்டும் என்று கேட்பவர்களின் மனத்தாங்கலை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இந்த மாவட்டம் தமிழ்நாட்டில் இருப்பதற்கே காரணமானவர்களில் முதல்வர் அவர். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வதும் வெறும் பேச்சன்று. பேருந்து எல்லோரும் ஏறும் பொது வண்டி. அதன்மேல் எழுதும் பெயரால் ஒரு குழந்தையின் தலையில் கல் விழுமானால், அந்தப் பெயர் இல்லாமல் ஓடட்டும் என்பது அவர்கள் வாதம். அந்த 1997 கோடையில், வீட்டை விட்டுச் சென்ற பிள்ளை திரும்பி வருமா என்று காத்திருந்த தாய்மாரிடம் கேட்டால், அவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இரு வாதங்களையும் எடைபோட்டால், பெயர்களை நீக்கியதால் அமைதி திரும்பியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன நாற்காலியை இப்போது எடுத்துப் பார்ப்போம். கட்டபொம்மன் பெயர் ஓடியபோது பிரச்சினை இல்லை. மருதுபாண்டியர் ஓடினார், நேசமணி ஓடினார். கட்டபொம்மனுக்காக உயிர் கொடுத்த சுந்தரலிங்கத்துக்கு அதே வரிசையில் ஒரு நாற்காலி போட்டபோதுதான் சிலரால் பொறுக்க முடியவில்லை. 1921இல் நாகர்கோவில் வழக்கறிஞர் கூடத்தில் நேசமணி செய்தது, முக்காலியைத் தள்ளி எல்லோருக்கும் நாற்காலி போட்டது. 1997இல் நடந்ததோ, ஒருவருக்கு நாற்காலி கொடுக்கவிடாததால் எல்லோரும் எழுந்து நின்றது. தம் பெயர் போனதற்காக மார்ஷல் வருந்தியிருப்பாரா என்பது இக்கட்டுரையாளருக்குத் தெரியாது. அது எந்தக் காரணத்தால் போயிற்று என்பதற்காக அவர் நிச்சயம் சினந்திருப்பார் என்றே தோன்றுகிறது.

பெயர்களின் சச்சரவு அத்துடன் தீரவுமில்லை. தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. சென்னை தியாகராய நகரில் நீதிக்கட்சியின் முன்னோடி டாக்டர் டி.எம். நாயர் பெயரால் ஒரு சாலை உண்டு. அந்த வேகத்தில் நாயரை எடுத்துவிட்டு டாக்டர் சாலை என்று மட்டும் பலகை வைத்ததாக வேடிக்கையாகச் சொல்வார்கள். எந்த டாக்டர், எந்த நோய்க்கு என்று வழிப்போக்கர் விழித்திருப்பார்கள்! 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தெருக்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்றுவதற்கு மீண்டும் ஓர் ஆணை வெளியிட்டது. அதுவும் வாதப் பிரதிவாதங்களுக்கு உள்ளாயிற்று. பழைய பெயரோடு பட்டாவும் முகவரியும் ஒட்டியிருக்கின்றன என்பார் சிலர். அந்தப் பெயரைத் தபாலில் எழுதும்போதெல்லாம் தலை குனிய வேண்டியிருக்கிறது என்பார் வேறு சிலர். உங்கள் தெருவின் பெயர் எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

நேசமணியின் பெயர் பேருந்தைவிட்டு இறங்கினாலும் மாவட்டத்தை விட்டுப் போய்விடவில்லை. மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. நம் பள்ளி முன்னாள் மாணவியர் போன்ற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அத்தகைய கல்லூரிகளில் பயின்று வெளியேறுகின்றனர். நாகர்கோவில் வேப்பமூடு சந்திப்பில் அவருக்கு அரசு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. ஜூன் 12ஆம் நாள் அங்கு அரசு சார்பில் அவர் சிலைக்கு மாலை அணிவிக்கின்றனர். நடத்துநர்கள் அந்த நிறுத்தத்தை இன்றும் வேப்பமூடு என்றே கூவுகின்றனர். மக்கள் வாயில் ஊறிய பெயரை எந்த அரசாணையாலும் அசைக்க முடிவதில்லை. நவம்பர் 1ஆம் நாள் நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அது ஏன் என்று கேட்டால், பிள்ளைகளில் பாதிப்பேர் விழிக்கிறார்கள்.

புதுக்கடையில், 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் சுடப்பட்டு மாண்டவர்களுக்கு ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. அவர்களுள் எவர் பெயரும் எந்தப் பேருந்திலும் எழுதப்பட்டதில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கும் மாலை வைக்கிறார்கள்.